மறுகா

போன முறை பதினேழாவது கேள்வியில்
எனக்குத் தமிழும் மறந்தது, இங்கிலீசும் மறந்தது.
திரையின் மூலையில் நேரம்
சேலைன் போத்தல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரே வரியை ஒன்பது தரம் வாசித்தேன்.
ஒன்பது என்று எப்படித் தெரியும்?
கேள்வியை விட்டுவிட்டு
வாசித்த தரங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மறுகா?" என்று கேட்டாள் ஜெஸீமா.
"மறுகா என்ன,
கல்லடிப் பாலம் மட்டும் நடந்து வந்து
சத்தி எடுத்தேன்."

அது போன வருசம், மாரிக்கு முன்னம்.
இப்போது இரண்டாந்தரம்.
கட்டணம் கட்டிய ரசீது
சீனிப் போத்தலுக்கு அடியில் கிடக்கிறது.
வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.
இவருக்குத் தெரியும்; தெரியாத மாதிரி
இரண்டு நாளாகச் சீனியை
அவரே அள்ளிப் போடுகிறார்.

சொன்ன வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று.
நாலு எண்ணி மூச்சை இழு, ஏழு எண்ணிப் பிடி.
பிடித்ததை விட மறந்து
களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் பக்கத்துச் சீற்றுக்காரி
"தங்கச்சி, சுகமில்லையோ?" என்றாள்.
கண்ணை மூடி அமைதியான ஓர் இடத்தை நினை என்றார்கள்.
நினைத்த இடத்திலும்
ஒரு மணிக்கூடு தொங்கியது.

வேலையில் எனக்கு இந்த வருத்தம் இல்லை.
மழை விட்டால் ஆஸ்பத்திரிக்கு டெங்கு வரும்.
இரத்தம் பூசிய கண்ணாடித் துண்டை
நுணுக்குக்காட்டிக்குக் கீழே தள்ளி
வெண்குழியங்களை இனம் பிரித்து
நூறு எண்ண வேண்டும்.
இடது கைக்குள் எண்ணும் கருவி,
பெருவிரல் அழுத்த, டிக், டிக்.
வாசலில் ஒரு தாய் நிற்பாள்.
வார்ட்டிலிருந்து மூன்றாந்தரமும் போன் அடிக்கும்.
நாற்பத்தாறில் யாராவது பேச்சுக் கொடுத்தால்
எண்ணிக்கை போகும்.
போனால் போகட்டும்.
தோற்றவள் என்று ஒருவரும் சொல்வதில்லை.
பூச்சியத்துக்குத் திருப்பி,
அதே கண்ணாடி, அதே இரத்தம்,
மறுகா ஒன்றிலிருந்து.

இன்று காலை
மண்டப வாசலில் நின்றவர்கள் எல்லாரும்
என்னைவிட ஆறேழு வயது இளசு.
நீலத் தொப்பிப் பொடியன் ஒருவன்
"அக்கா, நீங்கள் மேற்பார்வையாளரோ?" என்றான்.
"இல்லை தம்பி. திரும்ப எழுத வந்தனான்."
சொன்னது எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது.
அவன் கிட்ட வந்து,
"எனக்கு மூன்றாந்தரம்" என்றான்,
களவு சொல்வதுபோல.

கைக்கடிகாரம், போன், தண்ணிப் போத்தல்
எல்லாம் வெளியே வாங்கி வைத்தார்கள்.
குளிரூட்டி என் தலைக்கு நேரே.
பதினாறு மட்டும் நல்லாப் போனது.

பதினேழு வந்தது.
வேறு கேள்விதான்; இலக்கம் அதே.
உள்ளங்கை ஈரம். காதுக்குள் ரயில்.
எழுத்துகள் கல் விழுந்த இடத்து
மீன்குஞ்சுகளாய்க் கலைந்தன.
மேசைக்குக் கீழே இடது கை
என்னைக் கேளாமல் சுருண்டது.
இல்லாத கருவியைப் பெருவிரல் அழுத்தியது.
டிக்.
குளிருது, ஒன்று.
நெஞ்சடிக்குது, இரண்டு.
போன வருசம், மூன்று.
சீனிப் போத்தல், நாலு.
அந்தப் பொடியன் முந்திவிடுவானோ, ஐந்து.
பயம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.
அதில் எது எது எத்தனை என்று
ஒரு கணக்கு வந்தது, அவ்வளவுதான்.
பதினொன்றுக்கு மேல் எண்ண ஒன்றும் அகப்படவில்லை.

பதினேழுக்கு விடை தெரியவில்லை.
வெறுமையாய் விட்டேன்.
படித்த காலம் முழுக்க
ஒரு கேள்வியையும் வெறுமையாய் விட்டவள் இல்லை நான்.
பதினெட்டுக்குப் போனேன்.

பெறுபேறு வர ஐந்து கிழமை ஆகுமாம்.
பாலத்தில் கொஞ்சம் நின்றேன்.
கீழே தோணியில் ஒருவர்
வலையில் சிக்கிய பொலித்தீனை
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.
சத்தி வரவில்லை. பசித்தது.

போனைத் திறந்ததும் ஜெஸீமா:
"இரவைக்கு ஆளில்லை, வருவியா கா?
எண்ணாமல் முப்பது கிடக்கு.
அது சரி, மறுகா?"

"மறுகா," என்றேன்,
"முதல் ஒரு ரொட்டி."